குதிகாலில் ஒரு போலி மரு

எங்கள் கடலோர ஊரான காபெஸில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டங்களுக்கு என் கணவர் ஹெஷ்மிதான் நடுவராக இருந்தார். ஆறு வருஷமாக அவருடைய இடது குதிகாலுக்கு அடியில் ஒரு மரு. மருந்துக்கடைக் களிம்பு, பூண்டு, அமிலம் எதற்கும் அது மசியவில்லை. காலிஃபிளவர் மாதிரி வளர்ந்துகொண்டே போனது. அப்புறம் நாற்றமும் சேர்ந்துகொண்டது. ஷூவை மாடிப்படியில் வைத்துவிட்டேன்.

"உனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்," என்றார்.

"கீழ்வீட்டு மப்ரூக்காவுக்குமா? மீன் வாங்கி மறந்துட்டீங்களான்னு கேக்குறா."

அந்த அவமானத்தில்தான் டாக்டரிடம் வந்தார்.

டாக்டர் ரவுதா மருவை அழுத்தினார். சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து வெள்ளையாக மாவு போல ஏதோ பிதுங்கியது. அவர் முகத்தைச் சுளிக்காமல் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். வெறும் மரு என்று பதில் வந்தது. ஹெஷ்மி ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு வாங்கி மாடிவீடு முழுக்கக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டரே போன் செய்தார். "ஐயா, எனக்கு மனசு ஒப்பலை. நான் மேலாப்புலதான் வெட்டினேன். ஆழமா எடுத்துப் பாக்கணும்."

"ஆட்டம் முடிஞ்சு ஊதியாச்சு, டாக்டரம்மா."

"மைதானத்துல நீங்க ஊதுங்க. இங்க நான்தான் ஊதணும்."

ஆழமாக வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "இது தோல் புற்றுநோய். அபூர்வமான வகை. மேலே பாத்தா மரு மாதிரியே இருக்கும், உள்ளே முயல் வளை மாதிரி குடைஞ்சுகிட்டுப் போகும். வேற உறுப்புக்குப் பரவுறது ரொம்பக் குறைவு. ஆனா எலும்பு வரைக்கும் போயிடும்."

ஹெஷ்மி கூரையைப் பார்த்தார்.

"கால் போயிடுமா?" என்று நான்தான் கேட்டேன்.

"படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

எலும்பு தப்பியிருந்தது. மருவைச் சுற்றிலும் தாராளமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். இரண்டு மாதம் ஊன்றுகோல். ஓட்டம் இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் ஒரு வாரம் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தார். அப்புறம் ஊதலைத் தன் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, என் சமையலில் குறை சொல்ல ஆரம்பித்தார். அதிலிருந்தே மனசு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ஆறாம் மாதச் சோதனை. "சுத்தமா இருக்கு," என்றார் ரவுதா. டாக்ஸி பிடிக்கலாம் என்றேன். "நடக்கலாம், ஸுஹைரா," என்றார் ஹெஷ்மி. கடற்கரை வழியாகக் கொஞ்சம் விந்தி விந்தி, ஆனால் நிற்காமல் நடந்தார். பாதி வழியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.