எண்ணெய்ச் சத்தம் அடங்கும்வரை

"மாவுல தண்ணி கூடிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."

"கூடலக்கா, எப்பவும் பிசையற பதம்தான்..."

"கூடாமலா இப்படித் தொங்குது? முறுக்கா இது, தலைக்குச் சுத்துற ரிப்பனா?"

"...அதே அரிசி, அதே உளுந்து, அதே கை..."

"நான் பேசும்போது குறுக்க பேசாத."

"நீங்கதானக்கா குறுக்க பேசுறீங்க."

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இருவரும். அந்த வீட்டில் பலகாரம் என்றால் மாவு சின்னவள் கை, அடுப்பு பெரியவள் கை. ரவா லட்டு நேற்றே உருண்டு டப்பாவுக்குள் போய்விட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. முறுக்குதான் கொஞ்ச நாளாகவே சரியில்லை. காலையில் சுட்ட முதல் ஈடும் ஆறுவதற்குள் துவண்டுவிட்டது. பெரியவளின் மகளைப் பார்க்க, சாயங்காலம் டீ நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"அவங்க ஏதாவது கேட்டா, மாவு எங்க சின்னவ பிசைஞ்சதுன்னு சொல்லிடுவேன். எனக்கென்ன."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. மாவு பிசைவதில் இதுவரை அவளை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

சாப்பாட்டு மேசையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "எதுக்கும்மா சண்டை? பல்செட் மாட்டின நாளா இப்பதான் நான் முறுக்கு திங்கறேன். இதையே வழக்கமா வச்சுக்கலாமே."

"கேட்டீங்களாக்கா, மாமா சொல்றத?"

பெரியவள் குனிந்து அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவும் இல்லை, பதிலும் இல்லை. கோபம் போல என்று சின்னவள் விட்டுவிட்டாள்.

ஆனால் கேள்வி அவளை விடவில்லை. மாவில் தப்பில்லை என்றால் தப்பு எங்கே? அரிசியை முகர்ந்து பார்த்தாள். புழுக்க வாடை இல்லை. டப்பா மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. பெரியவள் கூடத்தில் நாற்காலி உறை மாற்றப் போன நேரம் பார்த்து, அதே மாவில் ஒற்றை முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் விட்டாள். சடசடவென்று பொங்கியது, மெல்லச் சலசலத்தது, பிறகு சுத்தமாக அடங்கியது. எடுத்து ஆறவைத்து ஒடித்தாள். படக்.

பாதியை மாமனாரிடம் நீட்டினாள்.

கடித்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். "இது யார் சுட்டது? பல்செட்டைக் கேட்டு வாங்கிடும் போலிருக்கே."

மீதிப் பாதியைச் சின்னவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். இருக்கட்டும். அக்கா வேகுமுன்னே எடுப்பதைக் கையும் களவுமாகப் பிடித்து, அப்புறம் இதை நீட்டலாம்.

பெரியவள் திரும்பி வந்தாள். ஆவியில் மறைக்கும் என்று கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். அது அவள் வழக்கம். அது அவள் பெருமையும்கூட. "முறுக்குக்குக் கண்ணு எதுக்கு? எண்ணெய் பேச்சை நிறுத்தினா எடுத்துட வேண்டியதுதான்" என்பாள்.

பிழிந்தாள். திருப்பிப் போட்டாள். பிறகு தலையைச் சாய்த்து, எண்ணெய் தெறித்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு இடது காதை வாணலிக்கு அருகே கொண்டுபோனாள். "அடங்கிடுச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கரண்டியால் அள்ளினாள்.

எண்ணெய் அடங்கவில்லை. வாசற்படியில் நின்ற சின்னவளுக்கே அந்தச் சலசலப்பு கேட்டது.

"அக்கா, இன்னும் சத்தம் இருக்கே."

பெரியவள் திரும்பவில்லை. அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.

சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இப்போதெல்லாம் பெரியவள் கேட்பது நினைவுக்கு வந்தது. "முதுகுக்குப் பின்னாடி முணுமுணுக்காத, எதிர்ல வந்து பேசு" என்று எரிந்து விழுவதும்தான். அதையெல்லாம் மூத்தவள் என்ற கெத்து என்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. பெரியவள் கரண்டியில் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கம்மா" என்றார் மாமனார்.

சின்னவள் சுற்றிவந்து பெரியவளின் முகத்துக்கு நேரே நின்றாள். "அக்கா, மணி அடிக்குது. நீங்க போய் வாங்கன்னு கூப்பிடுங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கோ. ஆனா தண்ணி ஊத்தின மாவுக்கு நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

முந்தானை முடிச்சு சின்னவளின் கைக்குள் இருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

"ஆமாக்கா. கொஞ்சம் கூடித்தான் போச்சு. கேட்டா நானே சொல்லிக்கறேன்."

"அதை முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு." பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கூடத்தை நோக்கி நடந்தாள். நடையில் நிம்மதி தெரிந்தது.

தட்டிலிருந்த முறுக்கு அத்தனையையும் சின்னவள் மறுபடி வாணலியில் இட்டாள். எண்ணெய் சடசடத்தது. கூடத்துக் கதவை நெருங்கிவிட்ட அந்த முதுகைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"உங்களுக்கே இது தெரியுமாக்கா, தெரியாதா?"