லிஃப்ட்டில் ஒரு தும்மல்

விபத்துகளைத் துப்புத் துலக்குவதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அதே காரை அதே இடத்தில் நிறுத்தி, நடந்ததை அப்படியே நடத்திப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

அங்கே வேலை பார்த்த இளைய ஆய்வாளருக்கு மதியம் தலையில் இடி விழுந்தது. காலையில் அவரோடு லிஃப்ட்டில் வந்த கூரியர்காரருக்குச் சின்னம்மையாம். ஆய்வாளருக்கும் சரி, அவர் மனைவிக்கும் சரி, இதுவரை அம்மை போட்டதே இல்லை. மனைவி நிறைமாதம். பதறிப்போய் மனைவியிடம் சொல்லிவிட்டு டாக்டருக்கு போன் போட்டார்.

"ஒட்டியிருந்தா ரெண்டு வாரத்துல தெரியும். அப்போ பிரசவத்துக்கும் போக முடியாது, குழந்தையையும் தொட முடியாது. கொஞ்ச நேரம்தான் கூட இருந்தீங்கன்னா பயம் கம்மி. எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்துல? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மேலதிகாரி சிரித்தார். "இதுக்கு யோசிப்பாங்களா? நம்ம தொழிலே இதுதானேய்யா!"

கூரியர்காரரை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, சொறிந்தபடியே வந்தார் மனிதர். இத்தனை பேர் தன்னைத் தேடியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வாளரையும் அவரையும் லிஃப்ட்டில் ஏற்றி, மற்றவர்கள் வெளியே நின்று கவனித்தார்கள்.

"தும்மினேன் சார். இவர் பக்கமான்னுதான் ஞாபகம் இல்ல."

"ஞாபகமெல்லாம் வேணாம். தும்மிக் காட்டுங்க."

கேட்டவுடன் தும்மல் வருமா? மிளகுத்தூள் கொண்டுவந்தார்கள். பிறகு வந்தது பாருங்கள், லிஃப்ட்டே அதிர்ந்தது. ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். வேலை என்று வந்துவிட்டால் ஆய்வாளருக்கு வீடு வாசல் எதுவும் நினைவில் நிற்காது. "காலையில இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னேன். இன்னொரு தடவை தும்முங்க" என்று அவரே விடாமல் திருத்திக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்துவிட்டது.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "காலையில தும்மல் கதவுப் பக்கம் போயிருக்கு. நின்னதும் ரெண்டு மாடிதான். உனக்கு ஒண்ணும் வராது, தைரியமா குழந்தையைத் தூக்கிக் கொஞ்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆய்வாளர் குதிக்காத குறையாக டாக்டரிடம் அத்தனையும் ஒப்பித்தார். டாக்டர் இடைமறித்தார்.

"ஏங்க, காலையில நடந்ததை விடுங்க. மத்தியானத்துலேர்ந்து அந்த ஆளோடவா லிஃப்ட்டுல இருந்தீங்க?"

அந்தக் கேள்வியை ஆய்வாளர் அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். விஷயம் புரிந்த மேலதிகாரி மெல்ல நாலடி பின்வாங்கினார். ஆனாலும் தொழில்புத்தி விடவில்லை. "பதறாதே. நாளைக்கு இதையும் நடத்திப் பார்த்துடலாம்."

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். "டாக்டர் என்ன சொன்னாங்க? குழந்தை பொறக்கறப்போ நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

ஆய்வாளர் லிஃப்ட் வாசலிலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். அவரவர் நின்ற இடத்திலிருந்தே உச்சுக் கொட்டினார்கள். கூரியர்காரர் ஒருவர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறுதலாகத் தோளில் கைபோட்டார்.