இடிக்கு உண்டு, மழைக்கு இல்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். 1970 ஐப்பசியில் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு வீட்டுச் சுவர் விழுந்தது. அந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. சேதத்தைப் பார்த்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று கம்பெனிக்கு எழுதுவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு சர்வேயர் போனான். அவனுக்குக் கலியாணசுந்தரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் நான்தான். 'நான்' என்று எழுதினால் எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன். 'அவன்' என்றால் திட்டுவதற்கு வசதி.

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது: "பாலாற்றங்கரையில் சோவென்று மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், இந்திராணி தன்…" அடித்துவிட்டேன். மழையில் ஆரம்பிக்கிற கதைகள் ஏற்கெனவே ஏகப்பட்டவை நனைந்து கிடக்கின்றன.

இரண்டாவது: "வீட்டு இன்ஷூரன்ஸ் என்பது யாதெனில்…" இது கம்பெனி நோட்டீஸ். கதை கேட்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதை ஓர் அடி நகராது. என்ன செய்ய? இந்திராணியையே கேட்கவைக்கிறேன்.

2

இந்திராணி நகராட்சிப் பள்ளியில் தையல் டீச்சர். புருஷன் வீரபத்திரன் லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலோடு கிடந்தார். செங்கல்லும் சேற்றுமண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, ஓடு வேய்ந்த வீடு. அவள் சம்பாதித்துக் கட்டியது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு நாதியில்லை. தம்பி கோதண்டபாணிதான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரத்தோடு வந்து உட்கார்ந்தான்.

(அது 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று அச்சடித்த பழைய பாரம். மாநிலத்தின் பெயர் மாறி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மாநிலப் பெயரை அடித்துவிட்டு எழுதச் சொன்னது கம்பெனி. பிரீமிய விகிதத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.)

"எட்டாயிரத்துக்குப் போடலாம்க்கா. ஓட்டு வூடுன்றதால வருஷத்துக்குப் பத்து ரூபாதான். ஆனா பின்னால விறகு கொட்டாய் கூரை போட்டு இருக்குது பார், அது இருந்தா ரெண்டு மடங்கு கேப்பான்."

"பிரிச்சுப் போட்டுட்டா?"

"பத்துதான்."

"சரி, பிரிச்சுடறேன். இன்னா இன்னாத்துக்குக் குடுப்பான்?"

"நெருப்புக்குக் குடுப்பான். இடி வுழுந்தாலும் குடுப்பான். பொயலு, வெள்ளத்துக்கு வேணும்னா தனியா நாலு ரூபா."

இந்திராணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கண்ணுக்கு எட்டியவரை வறண்ட பாலாற்று மணல். இரண்டு பெண்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா, இந்த ஆத்துல வெள்ளம் வரும்னு நான் நாலு ரூபா கட்டணுமா? குடிக்கிற தண்ணிக்கே நாலடி தோண்டிக்கினு இருக்கறோம்."

கோதண்டபாணியும் சிரித்துவிட்டான். வெள்ளம் என்ற வரியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தான்.

(அவளைப் புத்தி கெட்டவள் என்று நினைக்கிறவர்கள் தண்ணீர் ஓடுகிற ஆற்றங்கரையில் குடியிருக்கிறவர்களாக இருக்கவேண்டும். பாலாற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நானும்தான்.)

3

மூன்று நாள் விடாமல் பெய்தது. ஆறு கரைக்குள்ளேயேதான் இருந்தது, பாவம். வானத்திலிருந்து விழுந்த தண்ணீரே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு வடக்குச் சுவர் அடியில் ஊறி, வயிறு தள்ளி, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. பாதி ஓடு அதோடு போயிற்று.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டு அன்னம்மாள். மிஷன் பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்கிறவள், தனிக்கட்டை. மண் சுவர், கூரை வீடு. அந்த மாதிரி வீட்டுக்கு எந்த ஏஜெண்டும் பாரம் எடுத்துக்கொண்டு போகமாட்டான். அவளும் இந்திராணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீரபத்திரனைக் கட்டிலோடு தெற்கு மூலைக்கு இழுத்தார்கள். அன்னம்மாள் இங்கே கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அவள் வீட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் கோதண்டபாணி வந்தான். பாலிசியை இரண்டு தடவை படித்தான்.

"மழை இதுல இல்லக்கா."

இந்திராணி அதை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள்.

"இடி இருக்குது," என்றான். "நேத்து இடி இடிச்சுதா இல்லியா? ஊருக்கே கேட்டுச்சு. அது இங்க வுழுந்துச்சுன்னு எழுதறேன். யாராச்சும் பாத்தேன்னு சொன்னா போதும்."

ஒரே மேகம். அதிலிருந்து இடி விழுந்தால் பணம் உண்டு, தண்ணீர் விழுந்தால் கிடையாது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷம் இந்தச் சோற்றைத்தான் தின்றேன்.

"நான் சொல்றேன்," என்றாள் அன்னம்மாள்.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் இவ்வளவு சுலபமாகவா பொய்க்கு ஒப்புக்கொள்வாள்? படிக்கிறவர்கள் நம்புவார்களா? அதனால் அவள் முழங்காலில் நின்று கர்த்தரிடம் மன்றாடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன். அவள் அப்படியெல்லாம் மன்றாடியிருக்கமாட்டாள். கட்டிலில் கிடக்கிற மனுஷனைப் பார்த்திருப்பாள், அவ்வளவுதான்.

4

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சர்வேயர் வந்தான். இந்திராணி பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அவன் குடையை மடக்கியதும் நாடாவை நீட்டியதும் அவள் கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்திருக்கும். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

அவன் சுவரின் அடியைத் தொட்டான். ஈரம். கரி இல்லை, வெடிப்பு இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இடி எல்லா இடத்திலும் கரி வைத்துவிட்டுப் போவதில்லை; கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் எழுதலாம். எழுத அவனுக்கு மனசும் இருந்தது. இதை நம்புங்கள்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தேங்க," என்றாள் அன்னம்மாள். "பளிச்சுனு வெட்டிச்சு. அந்தச் செவுத்து மேலதான் வுழுந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

குரல் பிசிறவில்லை. அவன் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தான். 'மின்னல் தாக்கியதால் வடக்குச் சுவர்…' இந்திராணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். எட்ட நின்றே முதல் வார்த்தையைப் படித்துவிட்டாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

அவன் தலையை நிமிர்த்தியபோது வேலிக்கு அந்தப் பக்கம், கூரை தரையில் குந்திக்கொண்டிருந்த வீடு தெரிந்தது.

"அது யாரு வீடு?"

"என்துங்க."

"அது எப்படிம்மா விழுந்தது?"

"அது மழைங்க," என்றாள் அன்னம்மாள்.

"எப்போ?"

"அதே நேரந்தாங்க. நான் இங்க கட்டிலப் புடிச்சுக்கினு இருந்தேன், அங்க அது வுழுந்துச்சு."

தன் வீட்டுக்குப் பொய் சொல்ல அவளுக்குக் காரணமே இல்லை. அந்த வீட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கப்போவதில்லை. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள்.

இந்திராணிக்குத்தான் முதலில் புரிந்தது: அதே நேரத்தில் அது மழையில் விழுந்ததென்றால், இதுவும் மழையில்தான். சர்வேயரின் பேனா நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். அன்னம்மாளுக்குப் புரியவில்லை. அவள் இன்னும் அவனுக்குக் குடிக்க மோர் கொண்டுவரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

இப்போது நான் முடிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

(அ) எழுதுகிறவன் நான்தானே? மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், 'இடி விழுந்தது' என்று இரண்டு வார்த்தை செருகினால் வேலை முடிந்தது. கோதண்டபாணி செய்ததும் இதேதான், அவன் பாரத்தில் செய்தான். ஆனால் நிஜமாகவே இடி விழுந்திருந்தால் அன்னம்மாள் வெறும் சாட்சி. அவள் அந்தக் குடும்பத்துக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்யை நான் பிடுங்கிக்கொண்டவனாவேன்.

(ஆ) நாலு ரூபாயைக் கட்டியிருந்தால்? அதையும் எழுதிப் பார்த்தேன். ஆறு கரை தாண்டவில்லை, இது ஊறி விழுந்த சுவர், வெள்ளம் இல்லை என்று கம்பெனி சொல்லும். அப்படிச் சொல்லவைக்கிற பாலிசி வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

(இ) அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் அவன் குடையை எடுத்துக்கொண்டு…'

இந்த வாக்கியத்தைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். முடிக்க வரவில்லை.

ஏன் கேட்டான்? இரக்கத்தில் கேட்டதாகத்தான் என் மனைவியிடம் சொன்னேன். ஒருத்தி வீடு விழுந்து கிடக்கும்போது மனுஷன் கேட்கமாட்டானா? ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் சேதத்தையும் விசாரி என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். 'எப்படி' என்று கேட்டது இரக்கமாக இருக்கலாம். 'எப்போ' என்று கேட்டது? அன்றைக்கு எனக்கு வயது முப்பத்திரண்டு. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

மழை என்றுதான் எழுதிக்கொடுத்தேன்; பணம் வரவில்லை. தை மாதம் இந்திராணி மனையை விற்றுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். வீரபத்திரன் அடுத்த மழைக்கு இல்லை. இதெல்லாம் கோதண்டபாணி பிற்பாடு என் ஆபீசுக்கே வந்து, நின்றபடி சொன்னது. இன்னொன்றும் சொன்னான். நான் போன பிறகு அன்னம்மாள், "நான் இன்னாம்மா தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டாளாம். இந்திராணி, "ஒண்ணுமில்லக்கா," என்றாளாம். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

6

மற்றதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, கையும் நடுங்குகிறது. அது சாக்குதான், இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. அவன் இடத்தில் நீங்கள் சேற்றில் நிற்கிறீர்கள். ரிப்போர்ட்டில் பாதி வாக்கியம் எழுதியாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விட்டால் இந்திராணிக்குச் சுவர் கிடைக்கும், வீரபத்திரன் தன் வீட்டிலேயே கிடப்பார். போய்விடலாம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த வாரம் முழுக்க, கோதண்டபாணி வந்தான், தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள், இந்திராணியும் பக்கத்திலேயே இருந்தாள். உன் வீடு எப்படியம்மா விழுந்தது என்று அன்னம்மாளை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேட்கிறீர்களா, போகிறீர்களா?