ஒரே டப்பா மாத்திரை

கிரஷர் மெஷினுக்குக் காலை ஐந்து மணிக்கே பசி எடுத்துவிடும். லாரி கொட்டிவிட்டுப் போன கல்லைச் சட்டியில் வாரி, தலையில் ஏற்றி, சரிவுப் பலகையில் பதினெட்டு அடி ஏறி, அந்த இரும்பு வாய்க்குள் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூசு நேராக மூக்குக்குள் போகும். திருப்பிக்கொண்டாலும் போகும், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். வெளிச்சம் வரும்போது எல்லோர் புருவமும் நரைத்திருக்கும். இருபது வயதுக்காரிக்கும் அறுபது வயதுக்காரருக்கும் எங்கள் ஆலையில் ஒரே வயதுதான்.

பலகையில் எனக்கு முன்னால் ஏறுகிறவள் என் ஓரகத்தி, கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள். வாய் ஓயாது. “இந்த மெஷினுக்கு நம்ம மாமியாரே தேவலைக்கா. அவங்க நடுவுல கொஞ்சம் தூங்கவாவது செய்வாங்க” என்பாள். அன்று காலை அவள் பேசவே இல்லை. இரண்டு நாளாக முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கேட்டால் தூசு அரிப்பு என்றாள். மேலே போய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது பல்பு வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

“அக்கா, கால் வரமாட்டேங்குது” என்றவள் அப்படியே பலகையில் மடிந்தாள். நான் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் மெஷின் வாய்க்குள்ளேயே விழுந்திருப்பாள்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். கை எப்போதும் கறுப்பாக இருப்பதால் அவரை கிரீஸ் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும். கொழுந்தன் தன் பெண்டாட்டியைக் கல் லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அரை மணி நேரத்தில் மெஷின் மறுபடி ஓடியது. நானும் சட்டி சுமந்தேன். அவளுக்கு ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்ல முடியாத பயம் அது, ஏனென்றால் அதை ஆரம்பித்து வைத்தவளே நான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் இருபத்துநாலு பேரையும் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் கல்தூசு படிந்திருக்கிறது என்றார்கள். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று ஒரு டாக்டரம்மா வந்தார். நல்ல மாதிரி. எதையும் மறைக்கவில்லை.

“பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்குப் பாக்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பதான் மருந்து வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியும். இஷ்டம் இல்லன்னா சேர வேண்டாம்” என்றார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இஷ்டம் இல்லை என்று யார் சொல்வது? தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்கிற குழாய் போடுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. “மருந்தே உங்களைத் தேடி வந்துடுச்சு. இனி குழாய் எதுக்கு?” என்று சிரித்தார்.

ஆளுக்கொரு புட்டி, புட்டிக்கொரு எண். முதல் நாள் சாப்பாட்டுக் கொட்டகையில் அதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “எனக்கு வெறும் மாத்திரை, இவருக்கு மருந்துன்னு வெச்சுக்கோங்க. இவர் தனியாப் பொழச்சு என்ன பண்ணப்போறார்? அடுப்பு பத்தவைக்கக்கூடத் தெரியாது” என்று ஓரகத்தி புருஷனைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன்: “எல்லாத்தையும் ஒரே டப்பால கொட்டிடலாம். தினம் ஆளுக்கொண்ணு எடுத்துப்போம். யாருக்கும் ஒண்ணுமே இல்லன்னு ஆகாது.”

லாரி குறைவாக வந்த நாளெல்லாம் யாருக்கும் கூலி இல்லாமல் போகாதபடி இருக்கிற கல்லைப் பகிர்ந்து சுமந்து பழகியவர்கள் நாங்கள். மாத்திரையை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. பதினைந்து நாளுக்கொரு தரம் டாக்டரம்மா மிச்ச மாத்திரையை எண்ண வருவார். முந்தின நாளே சரியாக எண்ணிப் புட்டிகளில் போட்டு வைத்துவிடுவோம். இப்படி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை என்று அவர் மெச்சிக்கொள்வார். நாங்களும் பெருமையாகத் தலையாட்டுவோம்.

ஓரகத்தி விழுந்த மறுநாள், பொழுது விடியும்போதே டாக்டரம்மாவின் வண்டி வந்தது. முகம் வாடியிருந்தது. முதலாளி பின்னாலேயே வந்தார். மெஷினை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார்கள்.

“அவங்க கல்லீரல் ரொம்பக் கெட்டிருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல” என்றார் டாக்டரம்மா. “மருந்தோட வேலையோன்னு எனக்குச் சந்தேகம். இந்த மாதிரி ஆபத்துல மட்டும் புட்டி எண்ணைச் சொல்லி உள்ள என்ன இருக்குன்னு எங்க ஆராய்ச்சி ஆபீஸ்ல கேக்கலாம். கேட்டேன். அவங்க புட்டியில இருந்தது வெறும் மாத்திரை. அதனால மருந்து காரணம் இல்ல. ஏதோ கிருமின்னு வெச்சு அங்க வைத்தியம் பாக்கறாங்க. நீங்க பயப்படாம மாத்திரையைத் தொடரலாம்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் முதலாளி. “மருந்து மேலயும் தப்பில்ல, ஆலை மேலயும் தப்பில்ல. வீட்டுல என்ன தண்ணியைக் குடிச்சாளோ! போங்க, போய் வேலையைப் பாருங்க.”

ஒருத்தரும் நகரவில்லை. ஒருத்தரும் என்னைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் வேலை போகும். மருந்தும் போகும், எனக்கு மட்டுமல்ல, அத்தனை பேருக்கும். உயிர் பிழைக்க இருந்த ஒரே வழியை இவள் கெடுத்தாள் என்று காலத்துக்கும் ஏசுவார்கள். சொல்லாவிட்டால் அவள் அங்கே வேறு நோய்க்கு வைத்தியம் வாங்கிக்கொண்டே செத்துப்போவாள். அவளைப் பலகையில் பிடித்தபோது அவள் உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது.

“டாக்டரம்மா, அவ சாப்பிட்டது அவ புட்டி மாத்திரை இல்ல.”

டப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல் குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை நாளா?”

“முதல் நாள்லேர்ந்து.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

“நாலு மாசமா நான் எழுதினது அத்தனையும்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். “அவங்க மருந்தைச் சாப்பிட்டிருக்காங்க. ஆமாம், நிச்சயமா. வைத்தியத்தை உடனே மாத்துங்க” என்று இரண்டு தரம் சொன்னார்.

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. “யாரோட வேலை இது? கலக்கச் சொன்னது யாரு? பேரைச் சொல்லு. இன்னிக்கே வெளிய அனுப்பறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கிரீஸ் முன்னால் வந்தார். “உங்க வருகைப் பதிவுல இருபத்துநாலு பேர் இருக்கே முதலாளி, அதையே பாத்து எழுதிக்கோங்க.”

“நீயுமா? உனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?”

“இருக்கிற மூச்சுக்கு இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கப்போறேன்?” என்றவர் சட்டைக் கையைச் சுருட்டி டாக்டரம்மாவிடம் காட்டினார். கிரீஸ் கறையைத் தாண்டி, முழங்கைக்கு மேல் நகக்கீறலாக இருந்தது. “எனக்கும் ஒரு வாரமா அரிக்குதும்மா. சொன்னா மாத்திரையை நிறுத்திடுவீங்களேன்னு சொல்லல.”

“எனக்கு மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போகுது” என்றாள் சல்லடையில் ஜல்லி சலிக்கிறவள். “எனக்கும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்து இன்னொன்று. மாத்திரையை அவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டவர்கள் நோவை மட்டும் ஆளாளுக்கு ஒளித்து வைத்திருந்தோம். நானும்தான், நாலு நாளாகக் குமட்டிக்கொண்டிருந்ததை ஓரகத்தியிடம்கூடச் சொல்லவில்லை.

“மாத்திரையை இனி யாரும் தொடக்கூடாது. எல்லாருக்கும் இப்பவே ரத்தம் எடுக்கணும்” என்று டாக்டரம்மா எழுந்தார்.

“வேலை நேரத்துலயா? வாசல்ல மூணு லாரி நிக்குது!”

“நிக்கட்டும் முதலாளி” என்றேன். பயம் குறைந்ததால் பேசவில்லை. பயம் அதற்கு மேல் ஏற இடமில்லாததால் பேசினேன். “ரத்தம் குடுத்துட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். தண்ணிக் குழாய் போடுங்க, அப்புறம் சட்டியைத் தொடறோம்.”

அவர் விறுவிறுவென்று போய்த் தானே சுவிட்சைப் போட்டார். கல் இல்லாத மெஷின் கடகடவென்று ஆடியது. யாரும் சட்டியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரும் மெஷினும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். “சும்மா ஓட்டினா பல்லு தேஞ்சுடும் முதலாளி” என்று கிரீஸ் வழக்கமான குரலில் சொன்னார். முதலாளி அணைத்துவிட்டுத் திரும்பினார். “நாளைக்கே வேற ஆள் வரும். பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சொன்னால் செய்கிறவர். வேலை தேடுகிறவர்களுக்கு ஊரில் பஞ்சமும் இல்லை.

டாக்டரம்மாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். “வைத்தியத்தை மாத்தியிருக்காங்க. ரெண்டு நாள் தாண்டணும். அதுக்கு முன்னால எதுவும் சொல்ல முடியாது.”

வரிசையில் முதலில் நான் நின்றேன். அவர் என் தோளுக்குக் கீழே ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தார். “கையை ஆட்டாதீங்கம்மா” என்றார். ஆட்டாமல் இருக்க முடியவில்லை. பின்னால் நின்ற சல்லடைக்காரி முன்னால் வந்து என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி இறுக்கிப் பிடித்தாள். அவள் கையும் நடுங்கியது. ஆனாலும் விடவில்லை; ஊசி ஏறியது.