பதின்மூன்றாவது எடைப்பை

1

இந்தக் கதை ‘பை ஒன்று தைத்தேன்’ என்ற வரியிலிருந்து வந்தது. அதை எழுதியபோது கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிறகு, அன்றன்று செய்ததை நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். யாருக்கும் காட்டியதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த ஜெட் விமானம்

(நிறுத்திவிட்டேன். அது அப்போது பறக்கவே இல்லை. கொட்டகைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது.)

2

இராணுவத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஓட்டிப் பழகுவதற்கான ஜெட் அது. எங்கள் தொழிற்சாலையில் ஏழு வருடமாக உருவாகிறது. பழகுகிறவர்கள் தப்புச் செய்வார்கள். சில தப்புகளுக்கு விமானம் சுழன்றுகொண்டே விழும். அதிலிருந்து மீளவும் இதிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே முதலில் ஒருவர் இதை வேண்டுமென்றே சுழலவிட்டு, மீள்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மீளாவிட்டால் வாலிலிருந்து ஒரு பாராசூட் விரிந்து சுழற்சியை நிறுத்தும். அதை மடிப்பவள் என் சித்தி. சித்திக்கு எடுபிடி நான்.

சுழலவிடப்போகும் விமானியை எல்லோரும் பம்பரம்* என்பார்கள்.

* முதல் படியில் அவரை ஆறடி உயரமாக எழுதியிருந்தேன். உண்மையில் சித்தியின் தோள் அளவுதான் இருப்பார்.

3

மடிக்கும்போது துணி நழுவாமலிருக்க, ஈயக்குண்டு நிரப்பிய சிறு பைகளை மடிப்புகளின் மேல் வைப்போம். எடைப்பை என்று பெயர். மடித்து முடித்ததும் எண்ண வேண்டும். வெளியே பன்னிரண்டும் இருந்தால் உள்ளே எதுவும் சிக்கவில்லை. சிக்கினால் பாராசூட் விரியாமல் போகலாம். சரியாக இருந்தால் சித்தி சரிபார்ப்பு அட்டையில் கையெழுத்துப் போடுவாள்.

அன்று காலை பன்னிரண்டு இருந்தன. பாராசூட் வாலுக்குள் போய்விட்டது. இரண்டு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும்.

மதியம் துணிச்சுருள்களுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன்: ‘கிழிந்த எடைப்பைக்குப் பதிலாகக் காலையில் முதல் வேலையாகப் புதுப் பை ஒன்று தைத்தேன். கிழிந்ததையும் வீணாக்காமல் ஒட்டுப்போட்டு, இரண்டையும் மேசையில் வைத்தேன்.’

பேனா நின்றது. அப்படியானால் மொத்தம் பதின்மூன்று.

4

(இந்த இடத்தில் கதையில் வரும் ‘நான்’ என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்ல வாய் வராமல், உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் வாங்கியவள் அவள். போதாததற்கு, அட்டை ஒன்று தப்பானால் சித்தியை அந்த மேசையை விட்டே எடுத்துவிடுவார்கள். சொல்லாமல் இருப்பதற்கு எல்லா வசதியும் இருந்தது. சொல்லாவிட்டால்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

“சித்தி, பை பதிமூணு.”

“பன்னெண்டுடி. ரெண்டு தடவை எண்ணியாச்சு. சாப்பிட்டியா?”

“கிழிஞ்சதையும் ஒட்டுப்போட்டு வச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லல.”

சித்தி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“நீங்க மடிக்கிறதுக்கு முன்னாடி.”

“ஊர்ல யார்கிட்டயும் வாயைத் திறக்காத, சரி. என்கிட்டயுமா? இது காலையில தெரியலயா உனக்கு?”

“எழுதும்போதுதான் தெரிஞ்சுது.”

“என்னத்த எழுதும்போது?”

நோட்டைக் கொடுத்தேன். வேண்டிய பக்கத்துக்குப் போகும் வழியில் வேறு சில பக்கங்களையும் படித்துவிட்டாள்.

“என் குறட்டையைப் பத்தி அப்புறம் பேசிக்கிறேன். வா.”

கொட்டகையில் பம்பரம் ஏணியில் கால் வைத்திருந்தார்.

“சார், வாலைத் திறக்கணும்.”

“அட்டையில கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா?”

“போட்டவதான் வந்து சொல்றேன். அதை அடிச்சுடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “யாரு கண்டுபிடிச்சது?”

“நான்.”

(இங்கே எனக்கு அரைப்பக்க வசனம் எழுதி அடித்துவிட்டேன். சொன்னது இவ்வளவுதான்.)

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். “ஏழு வருஷம் பொறுத்தாச்சு. பிரிச்சுப் பாருங்க. தலை சுத்தறதை நான் நாளைக்கு வச்சுக்கிறேன்.”

5

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் பை மடிப்புக்குள் இருக்கிறது; எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மற்றதில் அது மேசைக்கடியில் விழுந்து கிடக்கிறது. ஒரு விமானத்தைச் சும்மா நிறுத்திவைத்தவள் என்று ஒரு மாதம் கேலி செய்கிறார்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இரண்டிலும் மற்றதெல்லாம் ஒன்றுதான்: விமானம் கிளம்பும் முன்னால் கையெழுத்தை அடித்துவிட்ட அட்டை தப்பான அட்டை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள், சித்தி மேசையிலேயே இருக்கிறாள். மறுநாள் விமானம் ஆறு சுற்று சுழன்று, பாராசூட் தேவைப்படாமல், தானே நேரானது.

உங்களிடம் தருவது அதற்கு முந்தைய நிமிடம். பாராசூட் மேசைமேல் கிடக்கிறது. பம்பரம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சித்தி கட்டை அவிழ்த்துவிட்டு, “நான் பிரிக்கிறேன், நீ சத்தமா எண்ணு” என்கிறாள்.

“ஒண்ணு.”

“காத்துல போயிடுச்சு, பாப்பா,” என்கிறார் பம்பரம். “மறுபடியும்.”

“ஒண்ணு.”

சித்தி முதல் மடிப்பைத் தூக்குகிறாள். மொத்தம் பதினாறு மடிப்புகள். நான் பேனாவை வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள் எண்ணுங்கள், வாய்விட்டு.