பால்கோவா கிண்டிய அலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் ஆடி அமாவாசைக்கு மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்டராஜின் பால்கோவாக் கடையில் திருச்செந்தூர்க் கடலலை ஒன்று வேலைக்குச் சேர்ந்தது. அழைத்துவந்தவள் பன்னிரண்டு வருஷமாக அங்கே பால் கிண்டிய பரிபூரணம். வலது தோள் பிடித்துக்கொண்டு துடுப்பைத் தூக்க முடியாமல் போனதால், "அமாவாசை கழிஞ்சும் கை வெளங்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலையை விட்டால் அவளுக்கு அடுப்பெரிய வேறு வழியில்லை. கடலில் முழுக்குப் போட்டால் சரியாகும் என்று போனாள். தோளில் அடித்த அலை திரும்பிப் போகாமல் முந்தானையில் சுருண்டுகொண்டு, டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஊர் வந்தது. தோள் வலி அப்படியேதான் இருந்தது. காலையில் அவள் வாணலியின் மேல் குனிந்தபோது அலை பாலுக்குள் குதித்தது. உப்பை மட்டும் மரியாதையாகக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது.

முதலில் அது உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. தொட்டில் மாதிரி இங்கும் அங்கும் ஆடியது. சூடு அடியிலேயே கிடந்து பால் அடிப்பிடித்தது. பரிபூரணத்துக்கு அழுகை வந்தது. பிறகுதான் கடற்கரையில் பார்த்தது நினைவுக்கு வந்தது: ஆழத்தில் சும்மா அசைகிற அலை, தரை மேடேறும் இடத்தில்தான் உடைகிறது. யாரும் பார்க்காதபோது ஓர் ஓட்டுச் சில்லை எடுத்து வாணலியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செருகினாள். அவ்வளவுதான். அலை மேட்டுப் பக்கம் ஏறி, நுரைத்து, தலைகுப்புற உடைந்தது. மேல்பால் கீழே போக, அடிச்சூடு மேலே வந்தது. அன்றைய கோவாவில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை.

மூன்று வருஷம் பரிபூரணம் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க முதலாளிக்கு வயிறு எரிந்தது. ஒரு சாயங்காலம், "ஏட்டி, அலைதான் கிண்டுதே, ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டேவிட்டார். "சரி மொதலாளி, போறேன்" என்று எழுந்தவள், அடுப்பு ஆறியதும் சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாள் அலை பழையபடி தொட்டிலாடியது. கருகல் வாடை பஸ் ஸ்டாண்டு வரை போய், ராஜபாளையம் பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். முதலாளி அலையைக் கெஞ்சினார், துடுப்பை ஓங்கினார், சூடம்கூடக் காட்டினார். நாலாம் நாள் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"பரிபூரணம்மா, செத்த வந்துட்டுப் போங்க."

"அது எம் மொகத்தப் பாத்தாத்தான் ஒடையும் மொதலாளி" என்றாள் அவள், சிரிக்காமல்.

அதன்பின் பத்து வருஷம் யாரும் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பால் பொங்கி வழிந்ததால் அந்த நாட்களில் கடைக்கு விடுமுறை. ஊர் அதை முதலாளியின் பக்தி என்று எடுத்துக்கொண்டது. மற்ற நாட்களில் பரிபூரணம் காலை ஆறு மணிக்கு வருவாள். முதலாளி பார்க்க அலைக்கு முகத்தைக் காட்டுவாள், அவர் பார்க்காதபோது சில்லைச் செருகுவாள். சாயங்காலம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவாள்.