பாலுக்குச் சாட்சி

மைனியின் விரல்களைப் பார்க்கவே அமீனா பீவிக்குக் குமட்டியது. சுண்ணாம்பு அப்பிய அந்த விரல்கள் செய்யதுவின் மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தன.

"மீசை அரும்புதே. எத்தனை வயசுலே உனக்கு?"

"பன்னெண்டு மாமி" என்று பையன் நெளிந்தான்.

மைனி பக்ருன்னிசா, கணவன் இஸ்மாயிலின் அக்காள். அமீனாவும் இஸ்மாயிலும் அறுபத்து நாலில் ரங்கூனை விட்டுக் கப்பலேறி வந்து கோவில்பட்டியில் குடியேறியதிலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். இரண்டு பிள்ளைகளையும் வெளிச்சத்துக்கு இழுத்து மூக்கை அமுக்குவாள், கண்ணை விரித்துப் பார்ப்பாள், சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. இரண்டும் வெவ்வேறு பர்மாக்காரர்கள் பெற்றவை. பெற்றவர்கள் போன பிறகு அமீனா எடுத்து வளர்த்தவை.

இன்று மூக்கோடு விடவில்லை.

"ஏட்டி அமீனா, இவன் இனிமே அந்நிய ஆம்பளை. நீ இவன் முன்னால வரப்படாது. வத்தக் கிட்டங்கியில படுத்துக்கிடட்டும், சோத்தை அங்கன அனுப்பு. நீ பால் கொடுத்து வளத்திருந்தா உன் பிள்ளை மாதிரி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"கொடுத்தேன் மைனி."

"நீயா? உனக்கேது பால்?"

அமீனா சொன்னாள். எட்டாம் நாள் இறந்துபோன தன் குழந்தையைப் பற்றி. மார் கட்டிக் காய்ச்சலில் கிடந்தபோது, ரங்கூனில் பக்கத்து வீட்டில் தாயில்லாமல் கத்திய இவனை மடியில் வாங்கியதைப் பற்றி. சொல்லச் சொல்ல மைனியின் கண்கள் அவள் நெஞ்சில் ஊர்ந்தன. எத்தனை நாள்? எத்தனை தடவை? வயிறு நிறையவா, சும்மா வாயை அடைக்கவா? பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"யாரு பாத்தா?"

"இவியதான் பாத்தாவ" என்று அமீனா கணவனைக் காட்டினாள்.

இஸ்மாயில் தரையைப் பார்த்தான். "அதெல்லாம் ஆம்பளைக எங்க லாத்தா கவனிக்கோம்?"

அன்று குழந்தையைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தவனே இவன்தான். அக்காள் முன்னால் பெண்டாட்டியின் மாரைப் பற்றிப் பேச வெட்கமாம். அந்த வெட்கத்துக்காக ஒரு பிள்ளையைக் கிட்டங்கியில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைக்கலாமாம்.

"சரி, நானும் கிட்டங்கிக்கே போறேன். நீங்களும் உங்க லாத்தாவும் இங்கன பொங்கித் தின்னுங்க."

பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். பின்னால் முனகல் கேட்டது. "கொடுத்தா லாத்தா. ஒரு வருஷம் கொடுத்தா. நான் பாத்தேன்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கப்படாதாலே?" பக்ருன்னிசா சிரித்தாள். பையனை இழுத்து, வெற்றிலை வாயால் முத்தம் கொடுத்தாள். "இனி நீ எங்க பிள்ளைலே!" சிவந்த எச்சில் கன்னத்தில் வழிந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை.

ஜெயித்துவிட்டதாக அமீனாவுக்குத் தோன்றவில்லை. தன்மேல் யாரோ துப்பிவிட்டது போலிருந்தது.

மைனியின் பார்வை அதற்குள் சின்னவள் பதருன்னிசா மேல் போயிருந்தது. ஏழு வயது.

"அப்ப இவளுக்கு? இல்லைன்னா இவ வயசுக்கு வந்ததும் என் தம்பி முன்னால நிக்கப்படாதே."

பதரு வந்தபோது அமீனாவின் பால் எப்போதோ வற்றியிருந்தது. டப்பாப் பாலில் வளர்ந்தவள் அவள். பாலைச் சொல்லி மகனைக் காப்பாற்றியவள், மகளுக்கு எதைச் சொல்வாள்?

"எனக்கும் கொடுத்தீங்களா உம்மா?" என்று அவளே கேட்டாள்.

அமீனா வாய் திறக்குமுன் இஸ்மாயில் சொன்னான். "கொடுத்தா. அதையும் நான் பாத்தேன்."

இந்தத் தடவை அவன் தரையைப் பார்க்கவில்லை. மெய்யைச் சொல்ல அத்தனை பாடு. பொய் தானாக வந்தது.

மைனி அமீனாவைப் பார்த்தாள். அமீனா ஆமாம் என்று தலையாட்டினாள். பொய்யை விழுங்கிவிட முடிந்தது. "நல்லது, நல்லது" என்று மைனி அதற்கு அனுமதி கொடுத்ததைத்தான் விழுங்க முடியவில்லை. கொல்லைக்கு ஓடிப்போய் ஓங்கரித்தாள்.